சைட் டிஷ் சாஸ்திரம்

"வயித்துல கொழுப்பு இருந்தா குடி ஈரலைத் தொடாது மச்சா."

இந்த வாக்கியத்தை மர்பி டவுனில் தமிழில் கேட்டிருக்கேன். அல்சூரில் கன்னடத்தில் கேட்டிருக்கேன். நடுவில் நாலு வருஷம் துபாயில் இருந்தபோது மலையாளத்தில் கேட்டேன். இப்போ கிளாஸ்கோவில் இங்கிலீஷிலும் கேட்டாச்சு. மொழி மாறுது, தட்டில் இருக்கும் ஐட்டம் மாறுது. அங்கே கபாப், போட்டி, ஆம்லெட். இங்கே எண்ணெய் சொட்டுகிற சிப்ஸ். சொல்கிறவர் முகத்தில் இருக்கும் அந்த ஞானத் தெளிவு மட்டும் மாறுவதே இல்லை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிற பயோகெமிஸ்ட்ரி ஆள். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, ஜிஜிடி, இதுதான் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் என் பிழைப்பு. இது யாரையும் திருத்துகிற பதிவும் இல்லை. எனக்குச் சண்டை அந்த ஒரு வாக்கியத்தோடு மட்டும்தான். குடிக்கிறவங்களோடு இல்லை.

மர்பி டவுன் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கம், பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டின பேட்டை. கன்டோன்மெண்ட் காலத்தில் நாக்ஸ்பேட்டைன்னு பேர். பட்டாளத்தை நம்பிப் பிழைக்க வந்த ஜனங்கள், அதில் நம்ம தமிழ் ஜனங்கள் நிறைய. அப்புறம் மர்பின்னு ஒரு எஞ்சினியர் வரிசை வீடுகளாகத் திட்டம் போட்டுக் கட்ட, அவர் பேரே நிலைச்சுடுச்சு. நான் பொறந்து வளர்ந்தது அங்கேதான். இந்திரா நகர் பப்புகள் நடக்கிற தூரம். எங்க பக்கம் மார்க்கெட், கறிக்கடை, சாயங்காலம் ஆனால் கபாப் வண்டி, அதுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒயின் ஷாப். அங்கே வேலை செய்கிறவனும், பப்பில் உட்காருகிற சாஃப்ட்வேர்க்காரனும் பேசாத பல விஷயங்கள் உண்டு. ஆனா மேலே சொன்ன வாக்கியத்தில் ரெண்டு பேரும் ஒரே கட்சி.

சரி, விஷயத்துக்கு வரேன். போன மாசம் ஒரே வாரத்தில் எனக்கு ரெண்டு வாட்ஸப் வந்தது.

ஒண்ணு அண்ணி அனுப்பியது. அண்ணன் என் பெரியம்மா பையன், எலக்ட்ரீஷியன், வயசு 46. ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்'னு எழுதிக் கொடுத்திருக்காங்க. அண்ணி கேட்டது இது: "தம்பி, எண்ணெய் குறைச்சா சரியாப் போயிடுமா? நெய், மாட்டுக்கறி ரெண்டையும் நிறுத்திட்டேன். கோழி மட்டும் தோல் எடுத்துப் போடறேன்."

இன்னொண்ணு பள்ளிக்கூடத்து சிநேகிதன். ஒயிட்ஃபீல்டில் வேலை, பேலியோ பக்தன். அரிசியை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, விஸ்கியை விடலை (அதில் மாவுச்சத்து இல்லையாம்!). ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பை ஃபோட்டோ எடுத்து அனுப்பினான். கீழே: "பாத்தியா மச்சா, மாட்டுக்கொழுப்பு லிவரைக் காப்பாத்துதாம். நம்ம ஏரியாக்காரன் எவனுக்கும் ஒண்ணும் ஆகாது போ."

அண்ணி கொழுப்பைக் குற்றவாளி என்கிறார். அவன் கொழுப்பைக் காவல்காரன் என்கிறான். ரெண்டு பேரும் பார்த்தது தட்டைத்தான். பக்கத்தில் இருந்த கிளாஸை யாரும் பார்க்கலை. அண்ணியாவது வெள்ளந்தியாய்க் கேட்டார். இவன் கேஸ் வேற. எம்.டெக். படிச்சவன்.

முதல்ல 'ஃபேட்டி லிவர்' என்கிற பேரையே திட்டணும். தமிழில் 'கொழுப்பு ஈரல்'னு போட்டாங்க, அதோட தீர்ந்தது. ஈரலில் கொழுப்பு இருக்குன்னா நேத்து சாப்பிட்ட கறியின் கொழுப்பு நேராப் போய் அங்கே உட்கார்ந்துடுச்சுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. 2005இல் அமெரிக்காவில், குடியால் வராத கொழுப்பு ஈரல் உள்ளவர்களிடம், ஈரலில் இருக்கும் கொழுப்பு எங்கிருந்து வந்ததுன்னு அடையாளம் போட்டுப் பின்தொடர்ந்து பார்த்தாங்க. சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது சுமார் 15 சதவீதம். ஈரல் தானே புதுசாச் செய்துகொண்டது 26 சதவீதம் பக்கம். மீதி, கிட்டத்தட்ட 60 சதவீதம், தொப்பையிலும் மற்ற இடத்திலும் சேர்த்து வெச்ச கொழுப்பு ரத்தத்தில் இறங்கி வந்தது. சின்ன ஆராய்ச்சிதான், ஆட்கள் குறைவு. ஆனா அண்ணி நெய்யை நிறுத்தினதால் எவ்வளவு தூரம் போக முடியும்னு ஒரு அந்தாஜு கிடைக்குது இல்லையா?

இதில் குடி வந்தா என்ன ஆகுது? பழைய மெட்ராஸ் ரோட்டில் மந்திரி கான்வாய் போகும்போது பார்த்திருப்பீங்க. பஸ், லாரி, ஆட்டோ எல்லாத்தையும் ஓரம் கட்டிடுவாங்க. ஈரலில் சாராயத்துக்கு அந்த மரியாதை. சாராயத்தைச் சேமிச்சு வைக்க உடம்பில் இடம் கிடையாது. அதனால வந்த உடனே அதை எரிச்சாகணும். அதை எரிக்கும்போது, கொழுப்பை எரிக்கவும் தேவைப்படுகிற என்ஏடி என்கிற சாமான் தீர்ந்துகிட்டே வருது. லாரி லாரியா வந்த கொழுப்பு அப்படியே நிற்குது. அதுக்கு மேலே, ஈரல் புதுசா கொழுப்பு செய்கிற வேலையையும் குடி முடுக்கி விடுது, தொப்பையிலிருந்து இன்னும் கொஞ்சம் இறக்கி விடுது, வெளியே அனுப்புகிற வேலையையும் கெடுக்குது. வரத்து கூடி, எரிப்பும் ஏற்றுமதியும் குறைஞ்சா கோடவுன் நிரம்பாமல் என்ன செய்யும்?

ஒரு ஆரோக்கியமான ஈரல் மணிக்கு சுமார் 7லிருந்து 10 கிராம் சாராயத்தைத்தான் தீர்க்கும். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, 42.8 சதவீதம். கணக்குப் போட்டா 60 கிராம் சுத்த சாராயம். ஆறிலிருந்து எட்டு மணி நேர கான்வாய். ராத்திரி ஒன்பதுக்குக் குடிச்சவன் ஈரலில் விடியற வரைக்கும் டிராஃபிக் ஜாம். அதே நேரத்தில்தான் கபாபும் பரோட்டாவும் உள்ளே இறங்குது.

அப்போ "நல்லா சாப்பிட்டுக் குடிச்சா ஏறலையே, தலைவலி இல்லையே"ன்னா, உண்மைதான். கொழுப்பு வயித்தைவிட்டு மெதுவா இறங்கும், கூடவே சாராயமும் மெதுவா இறங்கும். ரத்தத்தில் சட்டுன்னு உச்சம் போகாது. ஆனா தொண்ணூறு சதவீதத்துக்கு மேலே கடைசியில் போய்ச் சேருகிற இடம் அதே ஈரல்தான். போதை ஏறலைன்னு இன்னொரு தொண்ணூறு சொல்கிறவங்களை எனக்கு நிறையத் தெரியும். வயித்தெரிச்சல் குறைஞ்சதை ஈரல் தப்பிச்சதாக் கணக்கெழுதுவதுதான் இந்த சாஸ்திரத்தின் முதல் மோசடி.

ஒயின் ஷாப் வாசலில் பிறந்த சாஸ்திரம்னு நினைச்சு யாரும் இளக்காரமாப் பார்க்க வேண்டாம். இது ஒரு காலத்தில் பெரிய டாக்டர்கள் சொன்னதுதான். இன்சுலின் கண்டுபிடிப்பில் பேர் வாங்கின சார்லஸ் பெஸ்ட்டும் அவர் டொராண்டோ சகாக்களும் 1949இல் எலிகளுக்குச் சாராயமும் சர்க்கரையும் கொடுத்துப் பார்த்துட்டு, ஈரல் கெடுவது சாராயத்தின் விஷத்தால் இல்லை, சத்துக் குறைவால், கோலின் என்கிற சத்தைக் கொடுத்தா தடுக்கலாம்னு எழுதினாங்க. சர்க்கரை எப்படியோ சாராயமும் அப்படித்தான், வெறும் கலோரி. குடிகாரன் சோறு திங்கறதில்லை, அதனால ஈரல் போகுது. சோறு போடு, ஈரல் பிழைக்கும். நம்ம ஆளுங்க "நல்லா சாப்பிட்டுக் குடி"ன்னு சொல்றது இதன் பாமர உரை.

இதை உடைச்சவர் நியூயார்க் பிராங்ஸ் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை செஞ்ச சார்லஸ் லீபர். எலிக்குச் சாராயம் பிடிக்காது, தண்ணியில் கலந்து வெச்சா போதிய அளவு குடிக்காது. லீபரும் லியோனோர் டிகார்லியும் சாப்பாடு, தண்ணி, சாராயம் எல்லாத்தையும் ஒரே திரவமாக் கலந்து வெச்சாங்க. வேற வழியில்லாம எலி குடிச்சுது. கலோரியில் 36 சதவீதம் சாராயம், 35 சதவீதம் கொழுப்பு, மீதியில் புரதமும் மாவும் தேவையான அளவு. சத்துக்குக் குறையே இல்லை. அப்படியும் ஈரலில் கொழுப்பு ஏறிச்சு. எலியோடு விடலை. 1968இல் ரூபினும் லீபரும் மனுஷங்களிலேயே, தாங்களே முன்வந்தவங்களுக்கு, புரதம் கூட்டி கொழுப்பு குறைச்ச நல்ல சாப்பாட்டோடு சாராயம் கொடுத்துப் பார்த்தாங்க. சில வாரத்திலேயே ஈரலில் கொழுப்பு. (இன்னைக்கு அப்படி ஒரு ஆராய்ச்சிக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியும் கையெழுத்துப் போடாது.)

ஆக, நல்ல சாப்பாடு காப்பாத்தாது. கொழுப்பு குறைஞ்ச சாப்பாடும் முழுசாக் காப்பாத்தாது. அண்ணியின் கேள்விக்கு இதுதான் பாதி பதில். 'பாதி'ன்னு சொல்லக் காரணம் உண்டு. 1970இல் அதே லீபரும் டிகார்லியும் சாராயத்தை மாத்தாம கொழுப்பின் அளவை மட்டும் ஏற்றி இறக்கிப் பார்த்தாங்க. கலோரியில் 35 சதவீதமாக இருந்த கொழுப்பை 25க்கு இறக்கினபோதே எலியின் ஈரலில் சேர்ந்த கொழுப்பு கணிசமாகக் குறைஞ்சது. அதாவது குடியும் கொழுப்பும் கூட்டாளிகள். எண்ணெயைக் குறைச்சா சேதம் குறையலாம், நிற்காது. கிளாஸ் நடந்துகிட்டு இருக்கும்போது தட்டை மட்டும் துடைச்சுப் பிரயோஜனம் அவ்வளவுதான்.

இப்போ என் பேலியோ சிநேகிதனுக்கு வரேன். அவன் அனுப்பினது போலி இல்லை, நிஜக் கட்டுரைதான். 1989இல் நாஞ்சி, மெண்டன்ஹால், பிரெஞ்ச் மூணு பேரும் போட்டது. எலியின் வயித்துக்குள்ளே குழாய் வெச்சு மாதக்கணக்கில் சாராயத்தையும் கொழுப்பையும் விடாமல் செலுத்தினாங்க. ஒரு கூட்டத்துக்கு மாட்டுக்கொழுப்பு, ஒண்ணுக்குப் பன்றிக்கொழுப்பு, ஒண்ணுக்குச் சோள எண்ணெய். லினோலியிக் அமிலம் மாட்டுக்கொழுப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை, பன்றியில் இரண்டரை, சோள எண்ணெயில் 56. சோள எண்ணெய் எலிகளுக்கு ஈரல் மோசமாக் கெட்டது, பன்றிக்கொழுப்புக்கு நடுத்தரம், மாட்டுக்கொழுப்புக்கு ஒண்ணுமே இல்லை. அப்புறம் வேற ஆராய்ச்சிக் கூடங்களும் எலியிலும் சுண்டெலியிலும் இதே திசையில் கண்டிருக்காங்க.

காரணமும் ஓரளவு தெரியும். தினம் குடிக்கிற ஈரலில் சிஒய்பி2இ1னு ஒரு நொதி கூடிக்கிட்டே போகும். அது வேலை செய்யும்போது பொறி பறக்கும். லினோலியிக் மாதிரி கொழுப்பு அந்தப் பொறியில் சீக்கிரம் காறிப்போகும். வீட்டில் திறந்து வெச்ச எண்ணெய் காறி ஒரு வாடை வருமே, அந்த வேலை ஈரலுக்குள்ளேயே நடக்குது. மாட்டுக்கொழுப்பு, நெய் மாதிரி உறைகிற கொழுப்பு அவ்வளவு சுலபமாக் காறாது. குடல் சுவர் ஓட்டையாகி, பாக்டீரியா விஷம் ஈரலுக்குக் கசிவதிலும் கொழுப்பின் வகைக்குப் பங்கு இருக்கு.

ரொம்ப சந்தோஷம். இதை வெச்சுக்கிட்டு மர்பி டவுன் வண்டிக்கு வா மச்சா. உன் தட்டில் இருக்கிற கபாப் எதில் பொரிச்சது? மாட்டுக்கொழுப்பிலா? எங்க வீட்டிலும் ஞாயித்துக்கிழமை மாட்டுக்கறிதான், அதனால சொல்றேன், கறிக்குழம்பே ரீஃபைண்டு ஆயிலில்தான் தாளிக்கிறாங்க. வண்டிச் சட்டியில் சன்ஃப்ளவரோ பாமாயிலோ, அந்தந்த வாரம் எது மலிவோ அது. வழக்கமான சன்ஃப்ளவர் எண்ணெயில் பாதிக்கு மேலே அதே லினோலியிக். நீ ஆதாரம்னு காட்டுற கட்டுரைப்படியே நீ சாப்பிடுறது சோள எண்ணெய் எலியின் தட்டு!

சரி, வண்டிக்காரர் பாமாயில்னு வெச்சுக்குவோம். அதில் உறைகிற கொழுப்பு ஜாஸ்தி. அப்போ தப்பிச்சோமா? 2014இல் ஸ்வீடனில் உப்சாலாவில், தொப்பை இல்லாத இளவட்டங்கள் 39 பேருக்கு ஏழு வாரம் மஃபின் கொடுத்தாங்க. ஒரு பாதிக்குப் பாமாயில் மஃபின், மறு பாதிக்குச் சன்ஃப்ளவர் மஃபின். எடை ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே அளவு ஏறிச்சு. ஆனா ஈரலில் கொழுப்பு பாமாயில்காரங்களுக்குத்தான் கூடுதல். 2018இல் ஹெல்சிங்கியில் இன்னொண்ணு. எடை கூடினவங்க 38 பேருக்கு மூணு வாரம் தினம் ஆயிரம் கலோரி அதிகமாக் கொடுத்தாங்க. வெண்ணெய், தேங்காயெண்ணெய் வகையறாவில் கொடுத்தவங்களுக்கு ஈரல் கொழுப்பு 55 சதவீதம் கூடியது. சர்க்கரையில் கொடுத்தவங்களுக்கு 33. உறையாத கொழுப்பில் கொடுத்தவங்களுக்கு 15. அதாவது குடிக்காத மனுஷனுக்கு உறைகிற கொழுப்பு மோசம். குடிக்கிற எலிக்கு உறையாத கொழுப்பு மோசம். குடிக்கவும் செஞ்சு, தொப்பையும் வெச்சிருக்கிற மனுஷன் எந்த எண்ணெயைத் தேர்ந்தெடுப்பான்? அவனுக்கு நல்ல சட்டின்னு ஒண்ணு கிடையாது. இந்த எண்ணெயா அந்த எண்ணெயான்னு அவன் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ஆராய்ச்சி பண்ணுறது, கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்காமல் இருக்கத்தான்.

(எலியை நம்பி மனுஷன் சாப்பிடக் கூடாதுன்னு நான் சொல்லலை. என் பிழைப்பே பாதி எலியால் வந்த அறிவில்தான் ஓடுது. ஆனா குழாய் வழியா இருபத்தி நாலு மணி நேரமும் அளந்து ஏற்றின எலி வேற. சனிக்கிழமை ராத்திரி ஃபுல் அடிச்சு, ஞாயித்துக்கிழமை பிரியாணி தின்னு, திங்கட்கிழமை ஆபீஸ் போற ஆள் வேற. மாட்டுக்கொழுப்பைக் குடிகாரனுக்கு மருந்தா எழுதின டாக்டர் சங்க வழிகாட்டி ஒண்ணையும் நான் பார்த்ததில்லை. குடியை நிறுத்துன்னுதான் எல்லாத்திலும் முதல் வரி.)

தட்டை விடுங்க, தொப்பையைப் பாருங்க. பல வருஷத்துச் சோறு, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் சேர்ந்த பேங்க் பாலன்ஸ் அது. குடியும் அதுவும் சேர்ந்தா என்னன்னு நான் இப்போ இருக்கிற இந்த ஸ்காட்லாந்திலேயே பார்த்திருக்காங்க. 1960களிலும் 70களிலும் பெரும்பாலும் வேலை செய்கிற இடங்களில் சேர்த்துக்கொண்ட 9559 ஆண்களை 2007 வரைக்கும் விடாமல் பின்தொடர்ந்தாங்க. 2010இல் பிஎம்ஜே பத்திரிகையில் வந்தது. தொப்பையும் இல்லாம, குடியும் இல்லாதவனை 1னு வெச்சா, ஒல்லியா இருந்து வாரம் 15 யூனிட்டோ அதுக்கு மேலேயோ குடிச்சவன் ஈரல் நோயில் சாவது சுமார் 3 மடங்கு. கொஞ்சம் பருத்தவன் அதே குடிக்கு 7 மடங்கு. உடல் பருமன்காரன் அதே குடிக்குக் கிட்டத்தட்ட 19 மடங்கு. கடைசி எண்ணில் ஆட்டம் அதிகம், செத்தவர்கள் எண்ணிக்கை குறைவு என்பதால். ஆனா திசை தெளிவு. ரெண்டும் சேரும்போது கூட்டல் கணக்கு இல்லை.

15 யூனிட்டுன்னா ஏதோ வெள்ளைக்காரன் கணக்குன்னு போயிடாதீங்க. இங்கே ஒரு யூனிட் 8 கிராம் சாராயம். 15 யூனிட் 120 கிராம். கர்நாடகாவில் 90 மில்லி பாக்கெட் விக்குதே, அதில் 30 கிராம். வாரத்துக்கு நாலு பாக்கெட். அவ்வளவுதான். அண்ணன் 'எப்பவாச்சும்' குடிக்கிற அளவு அது.

இந்த 90ஐ நம்ம தமிழ்நாட்டில் 'கட்டிங்' என்பாங்க. குவார்ட்டரைப் பாதியாப் பங்கு போடுறது. 2023இல் உலக ஈரல் நிபுணர்கள் கூடி, பழைய 'குடியால் வராத கொழுப்பு ஈரல்' என்கிற பேரையே தூக்கிட்டாங்க. சர்க்கரை, தொப்பை, பிரஷர் வகையில் வருவதற்கு ஒரு பேர். குடியால் வருவதற்கு ஒரு பேர். ரெண்டும் சேர்ந்தவங்களுக்குன்னு நடுவில் 'மெட்ஏஎல்டி'ன்னு புதுசா ஒரு பேர். அந்த நடுப்பெட்டிக்கு ஆண்களுக்கு எல்லை வாரம் 210 கிராமிலிருந்து 420 கிராம், பெண்களுக்கு 140லிருந்து 350. தினம் ஒரு கட்டிங் அடிக்கிறவன் வாரத்துக்கு 213 கிராமில் அந்தப் பெட்டிக்குள் நுழையறான். தினம் ஒரு குவார்ட்டர்காரன் 425இல் பெட்டியைத் தாண்டி அடுத்த பெட்டிக்குப் போயிடறான். நம்ம கட்டிங்கையும் குவார்ட்டரையும் அளந்து பார்த்துட்டு கோடு போட்ட மாதிரி இருக்கு :-)

அதுக்காக 209 கிராம் பத்திரம்னு அர்த்தம் இல்லை. பத்திரமான அளவுன்னு ஒண்ணு இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் அதே 2023 ஜனவரியில் சொல்லியாச்சு. "நான் ஒல்லி"ன்னு சொல்கிற நம்ம ஆளுங்களுக்கு இன்னொரு சேதி. நமக்குக் கை கால் குச்சியா இருந்து வயிறு மட்டும் முன்னே வரும். வெள்ளைக்காரனுக்கு பிஎம்ஐ 25லிருந்து எடை அதிகம்னா, ஆசியக்காரனுக்கு 23லிருந்தே ஆபத்துக் கணக்கு ஆரம்பம்.

குடின்னாலே நமக்குப் பயமா இருப்பது கள்ளச்சாராயம்தான். 1981 ஜூலையில் பெங்களூரில் முந்நூறுக்கும் மேலே செத்தாங்க, எங்க வீட்டுப் பெரியவங்க இன்னும் அதைச் சொல்லுவாங்க. 2007 ஜூலை 1லிருந்து கர்நாடகாவில் சாராயத்தை (அரக்கு) தடை பண்ணினாங்க. அடுத்த வருஷம் மே மாசமே பெங்களூர், கோலார், கிருஷ்ணகிரி பக்கம் விஷச்சாராயச் சாவு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி. அதெல்லாம் பேப்பரில் வரும், மந்திரி வருவார், நிவாரணம் வரும். முத்திரை ஒட்டின பாக்கெட்டில் பத்து வருஷமா மெதுவாப் போகிறவனுக்கு மஞ்சக்காமாலைன்னு பேர், சாவுக்குக் காரணம் 'உடம்பு சரியில்லை'. கொழுப்பு ஈரல்னு எழுதிட்டா இன்னும் வசதி, பழி கபாப் வண்டிக்காரர் மேலே.

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வெச்சிருக்கிறவங்களுக்கு லேப்காரனா சில விஷயம். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. வெறும் தொப்பைக் கொழுப்புன்னா ஆரம்பத்தில் எஸ்ஜிபிடிதான் பெரிசா இருக்கும். குடி ஈரலில் எஸ்ஜிஓடி மேலே போயிடும், பல சமயம் ரெண்டு மடங்குக்கும் மேலே. அண்ணனுக்கு 96, 44. அந்த ரெண்டு எண்ணும் எண்ணெயைப் பத்திப் பேசலை. ஜிஜிடி கூடியிருந்தா சந்தேகம் இன்னும் பலம். ரெண்டும் நார்மலா இருந்தாலும் ஈரல் நல்லாருக்குன்னு அர்த்தம் இல்லை, தழும்பு விழுந்த ஈரலோடு நார்மல் ரிப்போர்ட் எத்தனையோ பார்த்திருக்கேன். வயசு, இந்த ரெண்டு எண், பிளேட்லெட், நாலையும் வெச்சு ஃபிப்-4னு ஒரு கணக்கு இருக்கு. 1.3க்குக் கீழேன்னா தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. மேலேன்னா ஃபைப்ரோஸ்கேன் தேவையான்னு டாக்டரைக் கேளுங்க. டாக்டர் "எப்பவாச்சும் குடிப்பீங்களா"ன்னு கேட்டா, 'எப்பவாச்சும்' என்கிற வார்த்தையை வீட்டிலேயே வெச்சுட்டுப் போய் பாக்கெட் எண்ணிக்கையைச் சொல்லுங்க.

அண்ணிக்கு நான் எழுதினது இதுதான். நெய்யை நிறுத்தினது தப்பில்லை அண்ணி, ஆனா கறி, முட்டை, பருப்பை நிறுத்தாதீங்க. குடிச்சுக் குடிச்சு உடம்பு இளைச்சவனைப் பட்டினி போடுறது பெரிய தப்பு. பெஸ்ட் சொன்னதில் அந்தப் பாதி இன்னும் உண்மை. ஈரல் நிஜமாவே கெட்டுப்போனவங்களுக்கு எடைக்கு ஒரு கிலோவுக்கு 1.2லிருந்து 1.5 கிராம் புரதம் தரணும், ராத்திரி படுக்கும் முன்னேகூட ஏதாவது சாப்பிடத் தரணும்னுதான் வழிகாட்டிகள் சொல்லுது. எண்ணெய்ச் சட்டியை நீங்க பார்த்துக்கலாம், கிளாஸை அவர்தான் வைக்கணும். வெறும் கொழுப்பு நிலையில் இருக்கும்போது வெச்சுட்டா சில வாரத்திலேயே ஈரல் கொழுப்பு வடியும். தழும்பு ஏறிட்டா அந்த சுலபம் இல்லை. இன்னொண்ணும் எழுதினேன். தினம் குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தும்போது கை நடுக்கம், வேர்வை, உளறல், ஃபிட்ஸ் வரலாம், அப்படி வந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, வீட்டில் வெச்சுப் பார்க்காதீங்க.

சிநேகிதன் இதையெல்லாம் கேட்டுட்டு "அப்போ நெய்யில் பொரிச்சா?"ன்னு கேட்டான். அவனோடு பேசி முடிக்கிற சக்தி எனக்கு இல்லை சாமி.

கடைசியா ஒரு கடுப்பு, எலியோடு சம்பந்தம் இல்லாதது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் கொழுப்பு எத்தனை கிராம், அதில் உறைகிற கொழுப்பு எத்தனை, சர்க்கரை எத்தனைன்னு அச்சடிச்சே ஆகணும். பொரிச்ச எண்ணெய்க்குக்கூட 2018 ஜூலையிலிருந்து சட்டம் இருக்கு, கெட்டுப்போன சேர்மங்கள் 25 சதவீதம் தாண்டினா கொட்டணும் (கபாப் வண்டியில் யார் அளக்கிறாங்க என்பது வேற கதை). 2019 ஏப்ரலிலிருந்து மது பாட்டிலில் 'உடல்நலத்துக்குக் கேடு'ன்னு எச்சரிக்கை போடணும், சதவீதம் போடணும். கலோரி போட வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த 90 மில்லி பாக்கெட்டில் 30 கிராம் சாராயமும் 210 கலோரியும் இருக்குன்னு எழுத ஒரு வரி இடம் போதும். அண்ணி மாதிரி ஒருத்தர் கடையில் எண்ணெய் பாட்டிலின் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறார், உறைகிற கொழுப்பு எவ்வளவுன்னு கண்டுபிடிச்சுடறார். மேஜை மேலே கிடக்கிற பாக்கெட்டைத் திருப்பினா படிக்க ஒண்ணும் இல்லை. அதனால நானே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பிட்டேன், ஃப்ரிட்ஜில் ஒட்டச் சொல்லி: 90 மில்லி = 30 கிராம், 180 = 60, ஸ்ட்ராங் பீர் பெரிய பாட்டில் 8 சதவீதம்னா = 41. அண்ணன் பீரைப் பார்த்துட்டு "அதுகூடவாடா?"ன்னு ஃபோன் பண்ணினார்.